என்ன அவசரம், இருந்துட்டுப் போங்க!

முதுகில் மூட்டை, கையில் செருப்பு, முகத்தில் ஒரு சங்கடம். ஆர்ட்டோ விடைபெற வந்து நின்றார்.

"இபு, நான் இன்று புறப்பட எண்ணியுள்ளேன்."

பின்லாந்துக்காரர், அங்கே பாடப்புத்தகம் வைத்துக் கற்ற எங்கள் பாஷை. எப்போதும் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி விறைப்பாகத்தான் வரும்.

இபு, அதாவது வீட்டம்மா சுமார்மி, வாயைத் திறந்தாள். திறந்திருக்கக் கூடாது.

"அட, என்ன மிஸ்டர் அவசரம்? இன்னும் கொஞ்சம் இருந்துட்டுப் போகலாமே!"

சோலோ ஊரில், எங்கள் சந்தில், இதைச் சொல்லாமல் யாரையும் வாசல் தாண்ட விட்டதில்லை. தப்பான விலாசத்துக்கு வந்து கதவைத் தட்டியவருக்கும் இதே உபசாரம்தான். கேட்டவர் சிரித்துக்கொண்டே "இன்னொரு நாள் வர்றேன்" என்று நடையைக் கட்ட வேண்டும். பால் குடிக்கிற குழந்தைக்கும் இது தெரியும்.

ஆர்ட்டோவுக்குத் தெரியவில்லை. தோட்டத்துப் பக்கம் போய்ச் சற்று நேரம் போனில் பேசினார். திரும்பி வந்து மூட்டையை இறக்கினார்.

"தங்கள் அன்பை நான் எவ்வாறு மறுப்பேன்?"

சுமார்மி அப்படியே நாற்காலியில் சாய்ந்தாள். இது முதல் முறை இல்லை.

விஷயம் இதுதான். அந்த வீட்டில் இரண்டே அறை. ஒன்றில் சுமார்மியும் அவள் கணவர் பாக் டார்சோவும். இன்னொன்று ஜகார்த்தாவில் இருக்கும் மகனுடையது. சும்மா கிடப்பானேன் என்று பயணிகளுக்கு விட்டிருந்தார்கள். யோசனை மருமகள் வெனிங்குடையது, பதிவெல்லாம் அவள் போனில்தான். இப்போது வெனிங்குக்கு நிறைமாதம். பிரசவம் இங்கேதான் என்று சுமார்மி முடிவு கட்டிவிட்டாள். முதல் பேரக்குழந்தை. நஞ்சுக்கொடியை வாசலில் புதைத்து விளக்கு வைக்க மண்சட்டி வாங்கியாகிவிட்டது. சந்து முழுக்கச் சொல்லியும் ஆகிவிட்டது.

அறை காலியாகும் வரை வெனிங் ஸெமராங்கில் தன் அம்மா வீட்டில் இருந்தாள். அந்தச் சம்பந்தியம்மாள் வீட்டு வாசலில் விளக்கு எரிவதை நினைத்தாலே சுமார்மிக்கு நெஞ்சு எரிந்தது.

"நீயாவது அவர்கிட்ட சொல்லேம்மா," என்று வெனிங்கிடம் போனில் கெஞ்சினாள்.

"நானா? விருந்தாளியப் போய் விரட்டறதா? நம்ம வீட்டுப் பேரு என்னத்துக்கு ஆகும், இபு? பாவம், தானாப் போயிடுவாரு. நான் இங்க எப்படியோ சமாளிச்சுக்கறேன்."

"தங்கமான பொண்ணு," என்று சுமார்மி போனை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆர்ட்டோவைத் திட்டவும் வழியில்லை. பயணக் குறிப்புகளை எல்லாம் கரைத்துக் குடித்துவிட்டு வந்திருந்த மனிதர். எதையும் வலது கையால்தான் கொடுப்பார். வழி காட்டினால் கட்டைவிரலால்தான் காட்டுவார். பெரியவர்கள் உட்கார்ந்திருந்தால் ஆறடி உடம்பை மடித்துக் குனிந்து கடப்பார். அப்படிக் கடந்தே இடுப்பில் பிடிப்பு. எங்கள் பிள்ளைகளை விட மரியாதைக்காரர் என்று சந்தே மெச்சியது. மரியாதைக்காரரை எப்படித் துரத்துவது?

பாக் டார்சோ புறாக்கூண்டிலிருந்து தலையைத் திருப்பாமல் ஒரு வழி சொன்னார்.

"சோத்துல கை வெச்சா எந்த ஆளும் ஓடிடுவான்."

மறுநாள் வறுவல் இல்லை, குழம்பு இல்லை. வெறும் சோறு, பக்கத்தில் ஊசி மிளகாய் அரைத்த சம்பல் மட்டும். பாக் டார்சோவே அதைத் தொடவில்லை.

ஆர்ட்டோ தொட்டார். பரிமாறியதை மிச்சம் வைக்கலாகாது என்பது குறிப்பு. காது சிவந்தது, மூக்கு ஒழுகியது, கண்ணில் நீர் கொட்டியது. தட்டு காலி.

"மிகவும் சுவையாக உள்ளது, இபு."

அப்புறம் என்ன, வயிறு கலங்கிப் படுத்துவிட்டார். பயணமாவது ஒன்றாவது. கஞ்சி காய்ச்சியது யார்? சுமார்மி. கொய்யா இலைக் கஷாயம் கொடுத்தது யார்? சுமார்மி. குளியலறைக்கும் அறைக்கும் நடுவே தாங்கிப் பிடித்துக் கூட்டிப்போனது பாக் டார்சோ. யோசனை சொன்ன பலன்.

உடம்பு தேறியதும் மூட்டை கட்டினார். வாசலுக்கு வந்தார். சுமார்மிக்கு நாக்கு நுனியில் அது வந்துவிட்டது. பல்லைக் கடித்துப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து சொன்ன வாய், கேட்குமா?

"உடம்பு சரியில்லாம... என்ன அவசரம் மிஸ்டர்?"

தோட்டம். போன். மூட்டை இறங்கியது.

"வாய வெச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா நீ?" என்றார் பாக் டார்சோ.

"நீங்க சொல்லிப் பாருங்களேன், சொல்லாம!"

அடுத்ததாகத் தென்னந்துடைப்பத்தைத் தலைகீழாக நட்டு, நுனியில் மிளகாயும் வெங்காயமும் குத்தி வைத்தார்கள். மழையை நிறுத்த வைப்பது அது. ஆளை அனுப்பவும் ஆகும் என்று பாக் டார்சோ யாரிடமோ கேட்டு வந்திருந்தார். மழை நின்றது. ஆர்ட்டோவும் நின்றார். வானம் வெளுத்ததில் குஷியாகித் துடைப்பத்தைப் பிடுங்கி வாசலைச் சுத்தமாகப் பெருக்கிவிட்டு, மிளகாயையும் வெங்காயத்தையும் அடுக்களையில் பத்திரமாகக் கொண்டுவந்து கொடுத்தார்.

சுமார்மிக்குச் சிரித்துச் சிரித்தே கன்னம் வலித்தது. உபசாரத்துக்குச் சிரிக்கிற சிரிப்பு வேறு. அது சீக்கிரம் அலுப்பூட்டும். அந்த அலுப்பில்தான் அவளுக்குப் பெரிய யோசனை ஒன்று பிறந்தது: பிரிவுபசார விருந்து. ஊரைக் கூட்டிச் சாப்பாடு போட்டு, பாத்திக் சட்டை மாட்டி விட்டால், அதற்கு மேல் எந்த மனிதன் தங்குவான்?

மஞ்சள் சோறு கோபுரமாக நின்றது. சுற்றிலும் கோழி, முட்டை, காய்கறி. பாக் டார்சோ நாலு வார்த்தை பேசினார். ஆர்ட்டோவுக்குப் பாத்திக் சட்டை மார்பில் இறுக்கியது, கண்ணும் கலங்கியது. எல்லாம் நல்லபடியாகத்தான் போனது, நாங்கள் வரிசையாகக் கைகொடுக்க எழும் வரை.

"அதுக்குள்ளயா மிஸ்டர்? இப்பத்தானே வந்தீங்க!"

"எங்க வீட்ல ஒரு வாய் சாப்பிடாமயே போறீங்களே!"

"சந்தே வெறிச்சுன்னு ஆயிடுமே! என்ன அவசரம்?"

ஒருவர் பாக்கியில்லை. எப்படிச் சொல்லாமல் இருப்பது? கடைசி ஆள் சொல்லி முடித்தபோது ஆர்ட்டோ பையின் வாரை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் அப்போது வெளுத்துப் போயிருந்தது. ஆனந்தம் தாங்கவில்லை என்று நாங்கள் நினைத்தோம்.

"இத்தனை பேரின் உள்ளத்தை நான் எவ்வாறு உடைப்பேன்?"

சுமார்மி அடுக்களைக்குள் போய் மஞ்சள் சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். பாக் டார்சோ எட்டிப் பார்த்தார்.

"அழறியா?"

"உக்காந்திருக்கேன். அதுக்குக்கூட விடமாட்டீங்களா?"

கையெட்டும் தூரத்தில் விருந்துக்குச் செய்த தொதல் மிட்டாய்த் தட்டு இருந்தது. எங்கள் ஊர்த் தொதல் ஒரு துண்டு வாயில் போனால் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டிக்கொள்ளும். சுமார்மி ஒரு துண்டைப் போட்டாள். பாக் டார்சோவைத் திட்ட வாயெடுத்தாள். வாய் திறக்கவில்லை.

அவள் கண் மெல்ல விரிந்தது.

அடுத்த முறை ஆர்ட்டோ மூட்டையோடு வந்து நின்றபோது சுமார்மியின் இரண்டு கன்னமும் உப்பியிருந்தன. பக்கத்தில் பாக் டார்சோ, அவர் கன்னமும்தான். ரிக்‌ஷாக்கார கிமான் வாசலில் தயாராக நின்றான்.

"இபு, நான் இன்று புறப்பட எண்ணியுள்ளேன்."

"ம்ம்."

ஆர்ட்டோ காத்திருந்தார். தோட்டத்தைப் பார்த்தார். பாக் டார்சோவைப் பார்த்தார்.

"ம்ம்," என்றார் பாக் டார்சோ.

"தங்களுக்கு... வருத்தமில்லையே?"

சுமார்மி பலமாகத் தலையாட்டினாள், கண்ணில் நீர் வழிய. அது தொதல் தொண்டையில் சிக்கியதால் வந்த நீர். ஆர்ட்டோ ஒரு நிமிடம் நம்பாமல் நின்றார். பிறகு குனியக்கூட மறந்து ரிக்‌ஷாவுக்குள் பாய்ந்தார். அந்த இடுப்புப் பிடிப்போடு அவ்வளவு வேகத்தை நாங்கள் எதிர்பார்க்கவில்லை.

வாய் விடுபட்டதும் சுமார்மி போனை எடுத்தாள்.

"வெனிங்! அறை காலி! இன்னிக்கே கெளம்பி வா!"

"போயிட்டாரா? எப்படிப் போனாரு?"

"அது பெரிய கதை. நீ வா."

"அய்யோ இபு... நேத்துதான் டாக்டர் பாத்தாங்க. இனிமே பயணமே கூடாதாம். எனக்கு மட்டும் ஆசை இல்லையா? அம்மா வீட்லயே பிரசவம் ஆகட்டும். நீங்க மனசு ஒடஞ்சுடாதீங்க."

சுமார்மி போனை மடியில் வைத்தாள். ஆறுதல் சொல்ல வந்த நாங்கள் சேர்ந்து வெள்ளைக்காரரைக் கரித்துக்கொட்டினோம். இங்கிதம் தெரியாத ஜென்மம் என்றோம். ஒரு குடும்பத்தின் ஆசையில் மண்ணைப் போட்டுவிட்டார் என்றோம். சுமார்மிக்குக் கோபப்படவும் தெம்பில்லை.

அந்த நேரத்தில் கிமான் ஸ்டேஷனிலிருந்து திரும்பினான். ரிக்‌ஷாவை நிறுத்தி, கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்தான்.

"பாவம் இபு அந்த மனுஷன். பாலிக்குக் கடல் பாக்கப் போக வேண்டியவரு, வழியெல்லாம் பொலம்பிக்கிட்டே வந்தாரு. நீங்க இருங்கன்னு சொன்னப்பெல்லாம் போன் போட்டு இப்ப என்ன செய்யறதுன்னு கேட்டாராமே. 'எங்க மாமியார் மனசாரத்தான் கூப்பிடுவாங்க, கொழந்த பொறக்கற வரைக்கும் அசையாதீங்க'ன்னு ஒவ்வொரு தடவையும் உங்க மருமகதான் சொல்லிச்சாம்."