நாற்பத்தேழாம் எண் இடமும் மேற்படி கரடியும்

கனடாவில் ஒருவர் காட்டுக்குப் போய் இயற்கையோடு ஒன்றிவிட விரும்பினால், முதலில் ஜனவரி மாதத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வேண்டும். வெளியே மைனஸ் முப்பது இருக்கும். காலை எட்டு மணிக்குப் பூங்கா இலாகாவின் முன்பதிவு திறக்கும். எட்டு மணி ஒரு நிமிஷத்துக்கு உங்களுக்கு முன்னால் பதினோராயிரம் பேர் வரிசையில் நிற்பதாகத் திரை சொல்லும். அந்த வரிசையில் தப்பிப் பிழைத்தவர்களுக்குத்தான் ஜூலை மாதத்தில் ஏரிக்கரையில் ஒரு துண்டு நிலம்.

அடுத்து ட்ரெய்லர் வேண்டும். ஒரு காலத்தில் கூடாரம் போதுமாக இருந்தது. இப்போது பிக்கப் வண்டிக்குப் பின்னால் முப்பது அடி நீளத்துக்கு வீட்டையே கட்டி இழுத்து வராதவனை யாரும் இயற்கை ரசிகனாக மதிப்பதில்லை. காட்டுத்தீ பயத்தால் கோடையில் விறகு எரிக்கத் தடை. ஆகவே எல்லோரும் ட்ரெய்லருக்குள் உட்கார்ந்து, டிவியில் விறகு எரிகிற படத்தைப் போட்டுக் குளிர்காய்வார்கள். என் ட்ரெய்லரில் இரண்டு டிவி. அதனால் இதைக் கேலி செய்ய எனக்கு முழுத் தகுதி உண்டு.

ஹாரோ ஏரிப் பூங்காவில் எனக்கு நாற்பத்தாறாம் எண் இடம். நூறு மீட்டருக்குச் சற்று மேல் தள்ளியிருந்த பக்கத்து நாற்பத்தேழுக்கு ஜூலை ஒன்பதாம் தேதி மதியம் மூன்று மணிக்கு வந்து சேர்ந்தவர்கள் மெர்வ், லோர்னா தம்பதி. சாஸ்கட்சவன் மாகாணத்தில் கோதுமை விவசாயம் செய்து ஓய்ந்தவர்கள். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல், இரண்டு நாள் ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு வந்திருந்தார்கள்.

லோர்னா இறங்கியதும் என்னிடம்தான் முதலில் பேசினாள்.

"முப்பத்தெட்டு வருஷம் முன்னாடி கல்யாணம் ஆன கையோட இதே நாப்பத்தேழுல கூடாரம் போட்டோம். ரெண்டு நாளும் ஒரே மழை, மூடுபனி. எதிர்க்கரை மலைய நான் பாக்கவே இல்ல. இன்னொரு தடவ கூட்டிட்டு வரேன்னாரு. ஒவ்வொரு ஜனவரியும் உக்காந்து உக்காந்து, இந்த வருஷந்தான் கெடச்சுது."

"சரியான நேரத்துக்கு" என்றார் மெர்வ், தரையைப் பார்த்துக்கொண்டு. "இவளுக்கு இடது கண்ணு போயிடுச்சு. வலது கண்ணும் அடுத்த கோடை வரைக்கும் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

எனக்கு நெஞ்சு கனத்தது. உண்மையாகவே கனத்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர்கள் இடத்தில், சாப்பாட்டு மேஜைக்கும் ஏரிக்கும் நடுவில், ஒரு கருங்கரடி படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. ஒன்பது நாளாக அப்படித்தான். எனக்குப் பழகிவிட்டதால் சொல்ல மறந்துவிட்டேன். மேற்படி கரடியின் காதில் பச்சை வில்லை ஒன்று இருந்தது.

பூங்கா அலுவலர் டார்சி, அகல விளிம்புத் தொப்பியோடு வந்தார். தங்கமான பிள்ளை. வந்ததும் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டார். மெர்வும் பதிலுக்குக் கேட்டார். நானும் சும்மா இருப்பானேன் என்று கேட்டுவைத்தேன்.

"தம்பி, எங்க இடத்துல கரடி இருக்கு" என்றார் மெர்வ்.

"ஆமாங்கய்யா. ரொம்ப வருத்தமா இருக்கு."

"வேற எடம் குடுக்கலாமே?"

"இந்த இடம் மூடியிருந்தா குடுக்கலாம். இது திறந்துதான் இருக்கு."

"கரடி படுத்திருக்கே!"

"படுத்திருக்கு. ஆனா மூடுனதா அறிவிப்புப் பலகை வைக்கலீங்களே. பலகை ரெண்டு ஆட்சி மொழியிலயும் இருக்கணும். இங்கிலீஷ் பலகை வந்தாச்சு, ஆபீஸ்லதான் இருக்கு. பிரெஞ்சுப் பலகை ஒட்டாவாவுல இருந்து வரணும். அது வர்ற வரைக்கும் சட்டப்படி இங்க ஆபத்து இல்ல."

"அப்ப நாங்க உள்ள போலாமா?"

"கூடாதுங்கய்யா! கரடிக்கு நூறு மீட்டருக்குள்ள யாரும் போகக் கூடாது."

"சரி, போகல. காத்திருக்கோம்."

டார்சியின் முகம் வாடிவிட்டது. "அதுலயும் ஒரு சிக்கல். நாளைக்குப் பதினோரு மணிக்குள்ள நீங்க இடத்துல குடியேறலேன்னா, வராதவங்கன்னு எழுதி முன்பதிவ ரத்து பண்ணிடுவோம்."

லோர்னா நல்ல கண்ணால் அவரைப் பார்த்தாள். "அந்தக் கரடிய எழுப்பி அனுப்பினா என்ன தம்பி?"

"அது மாகாண அரசோட கரடிங்கம்மா. பச்சை வில்லைய பாருங்க. இது மத்திய அரசு நிலம். அவங்க கரடி மேல நாங்க கை வைக்க முடியாது. எங்க நிலத்துல அவங்க கால் வைக்க முடியாது. கடிதம் போயிருக்கு."

"எப்ப பதில் வரும்?"

"அதுக்குள்ள கரடியே கெளம்பிடும்ங்கம்மா. ஒரு இடத்துல யாரும் பதினாலு நாளுக்கு மேல தங்கக் கூடாதுன்னு விதி இருக்கு. இன்னும் அஞ்சு நாள்தான். அப்புறம் நோட்டீஸ் குடுத்துடலாம்."

"எங்களுக்கு ரெண்டு நாள்தான் இருக்கு."

"மன்னிச்சுக்கோங்கம்மா" என்றார் டார்சி. மனப்பூர்வமாகத்தான் சொன்னார்.

பாதையில் அரைமணி நேரத்துக்கு மேல் வண்டி நிறுத்தக் கூடாது என்று இன்னொரு விதியும் இருந்தது. ஆகவே மெர்வ் அரைமணிக்கு ஒருமுறை முப்பது அடி ட்ரெய்லரோடு பூங்காவைச் சுற்றி வந்தார். ஒவ்வொரு சுற்றிலும் எங்களைப் பார்த்துக் கையசைத்தார். நாங்களும் அசைத்தோம். நாலாவது சுற்றுக்கு மேல் இரண்டு தரப்புக்கும் கை வலித்தது. ஆனாலும் மரியாதை என்று ஒன்று இருக்கிறதல்லவா.

இதற்கிடையில் கரடிக்குப் புகழ் பரவிவிட்டது. யாரோ அதற்கு வால்டர் என்று பேர் வைத்தார்கள். நூறு மீட்டர் தள்ளி சுண்ணாம்பில் ஒரு கோடு போட்டு, கோட்டுக்குப் பின்னால் மடக்கு நாற்காலிகளோடு வரிசை உருவானது. இந்த ஊர்க்காரர்களுக்கு வரிசை அமைக்க யாரும் சொல்லித்தர வேண்டாம். இரண்டு பேர் ஒரே பக்கம் பார்த்து நின்றால் மூன்றாவது ஆள் வந்து, "கடைசி ஆள் நீங்களா?" என்று கேட்டுவிட்டுப் பின்னால் நிற்பார். ஆளுக்குப் பத்து நிமிஷம், முன்வரிசையில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். ஃப்ளாஸ்க் காபியை எல்லோரும் பகிர்ந்து குடித்தோம். காட்டு வாழ்க்கை எவ்வளவு நிம்மதி என்று பேசிக்கொண்டோம்.

அன்றிரவு மெர்வும் லோர்னாவும் தூங்கியது, ட்ரெய்லர்கள் கழிவுநீரைக் கொட்டும் இடத்துக்குப் பக்கத்தில். அங்கே மட்டும்தான் நிறுத்தத் தடை இல்லை. யாரும் அங்கே நிறுத்த விரும்புவார்கள் என்று இலாகாவுக்குத் தோன்றவில்லை போலும்.

மறுநாள் காலை வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. பத்தே முக்காலுக்குப் பிக்கப் வண்டி நாற்பத்தேழுக்கு முன்னால் வந்து நின்றது. கதவைத் திறந்து லோர்னா இறங்கினாள். ஒரு கையில் இரும்பு வாணலி, இன்னொரு கையில் கரண்டி.

"லோர்னா, நூறு மீட்டர்..." என்றார் மெர்வ்.

"நீ வண்டிய பின்னால எடு."

அவள் வரிசையைக் கடந்து, சுண்ணாம்புக் கோட்டைக் கடந்து நடந்தாள். யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது அதுதான். கரடிக்கு நாலு அடி முன்னால் நின்று வாணலியில் ஓங்கி நாலு தட்டு தட்டினாள்.

"எந்திரி! இது என் எடம். ஜனவரியில ஒக்காந்து வாங்கினது. நீ எந்த வரிசையில நின்ன?"

கரடி தலையைத் தூக்கிப் பார்த்தது. இத்தனை நாளில் அதனிடம் ஒருவரும் நேராகப் பேசியதில்லை. எழுந்து, உடம்பை உதறிவிட்டு, புதர்ப்பக்கம் நடந்து போய்விட்டது. ஆட்சி மொழி எதுவும் தேவைப்படவில்லை.

ட்ரெய்லரைப் பின்னோக்கி நுழைப்பது இந்த நாட்டில் தம்பதிகளின் பரீட்சை. மனைவி பின்னால் நின்று கையைக் காட்டுவாள், கணவன் எதிர்ப்பக்கம் திருப்புவான், அன்று முழுக்கப் பேச்சுவார்த்தை இருக்காது. லோர்னா அன்று கையைக் காட்டவில்லை. ஏரியைப் பார்த்து நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். மெர்வ் ஒரே தடவையில் நேராக உள்ளே விட்டார்.

எதிர்க்கரை மலை, உச்சியில் பனியோடு, மொத்தமும் தண்ணீரில் விழுந்து கிடந்தது. மெர்வ் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"தெரியுதா?"

"தெரியுது மெர்வ். சும்மா இரு."

பதினோரு மணிக்கு டார்சி வந்தார். கையில் ஒரு காகிதம். தொப்பியைக் கழற்றிவிட்டார், அதிலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"அம்மா, ஒரு புகார் வந்திருக்கு. வனவிலங்க மிரட்டி விரட்டிட்டீங்கன்னு நாப்பத்தோரு பேர் கையெழுத்துப் போட்டிருக்காங்க. உடனே காலி பண்ணணும். மன்னிச்சுக்கோங்க."

"கால் மணி நேரத்துல நாப்பத்தோரு பேரா?" என்றார் மெர்வ்.

"புகார் படிவம் ரெண்டு மொழியிலயும் தயாரா இருந்துதுங்கய்யா."

மெர்வ் வாயைத் திறந்தார். லோர்னா அவர் கையைப் பிடித்தாள்.

"விடு. பாத்துட்டேன்."

போகும்போது அவர்களுடைய வண்டி என் இடத்துக்கு முன்னால் நின்றது. லோர்னா இறங்கி, துணி போட்டு மூடிய ஒரு பாத்திரத்தை என்னிடம் நீட்டினாள்.

"ருபார்ப் தண்ட மாவுக்குள்ள வச்சு சுட்ட இனிப்புப் பலகாரம். அவருக்கும் எனக்கும் ஏரிக்கரையில உக்காந்து சாப்பிடன்னு பண்ணினது. நேரமில்லாம போச்சு. மொத நாளே எங்க கதைய காது குடுத்துக் கேட்டது நீங்க ஒருத்தர்தான். சத்தம் போட்டு உங்களத் தொந்தரவு பண்ணிட்டேன், மன்னிச்சுக்கோங்க."

"ஐயோ, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றேன்.

அன்று சாயங்காலம் பிரெஞ்சுப் பலகை வந்துவிட்டது. கரடி இருப்பதால் நாற்பத்தேழாம் எண் இடம் மூடப்பட்டிருக்கிறது என்று இரண்டு பலகைகளையும் டார்சி முறைப்படி நட்டார். யாரும் இல்லாத இடத்தை நாங்கள் நூறு மீட்டர் தள்ளி நின்று பார்த்தோம்.

அந்தப் புகாரில் மூன்றாவது கையெழுத்து என்னுடையது. வரிசையில் எனக்கு அடுத்த முறை பத்து ஐம்பதுக்கு. முந்தின நாள் எடுத்த படத்தில் கரடி முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது, முகத்தோடு ஒரு படம் எனக்கு வேண்டியிருந்தது.

ட்ரெய்லருக்குள் போய், டிவியில் விறகை எரியவிட்டு, அந்தப் பலகாரத்தை முழுக்க நானே சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.