பால் டின்னைத் துளைக்கக் கை தூக்கிய மருமகனுக்கு

சேசு மரி சூசை துணை

கோலசிலாங்கூர், 1954

மாண்புமிகு ஊர் மன்ற உறுப்பினர், என் அக்காள் மகன் ஜூலியஸ் அவர்களுக்குத் தாய்மாமன் மத்தியாஸ் எழுதிக்கொள்வது. துரைமார் ஊரைச் சுற்றிப் போட்ட முள்வேலிக்குள் நாங்கள் நலம். வேலி எங்களைவிட நலம். தாங்களும் தங்கள் மனைவி கான்ஸ்டன்ஸும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். யாரும் நம்பாத ஒரு கதையைச் சத்தியம் செய்து சொல்கிறேன். உட்கார்ந்து படிக்கவும்.

நேற்று என் மகள் பியாட்ரிஸ் கைக்குழந்தைக்குப் பால் டின் வாங்கினாள். காட்டில் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடக்கூடாதாம், பதுக்க முடியாதபடி விற்கும்போதே டின்னைத் துளைத்துவிட வேண்டுமாம். மதியத்துக்குள் மூவாயிரம் எறும்புகள் பட்டாளம்போல் அணிவகுத்து வந்தன, மிச்சப் பாலும் கெட்டது. குழந்தை அழுத அழுகையில் முப்பது மைல் தள்ளிச் சுங்கை பெசாரில் நெல் அறுத்தவர்கள் அரிவாளைக் கீழே போட்டார்கள். கடைக்காரர் தங்கராஜுவிடம் போய்க் கத்தினேன். “தொளைக்கலன்னா என்னயத் தூக்கி உள்ள போடுவான் லா! கிராணியப் போயிக் கேளு” என்றார். ஆபீசில் கணக்கெழுதும் கிராணி சிதம்பரநாதனோ, “நானோ சட்டம் போடுறன்? துரையைக் கேளுங்கோ” என்றார். வெள்ளைக்கார அதிகாரி துரை ஒரு கோப்பைத் திறந்து காட்டினார்: “கொளந்தைக்கும் சலுகை இல்லே. மன்றம் ஒத்துக்கிச்சு. ஒன் ஜூலியஸ் கை தூக்கிட்டான். போ!”

அடப்பாவி! போன ஞாயிறு கோயிலில் கல்யாண ஓலை வாசித்து, “தடை உண்டா?” என்று சாமியார் கேட்டதும் பழக்கதோஷத்தில் கை தூக்கி, பெண் வீட்டார் பதினேழு பேரை மயக்கம்போட்டு விழவைத்தவன்தானே நீ! எழுதி நீட்டியதற்கெல்லாம் கை தூக்கத்தான் மன்றமென்றால், ஏழு நாற்காலியிலும் ஏழு ரப்பர் கிளையை நட்டுவைக்கலாமே. டீ செலவாவது மிஞ்சும். உன்னை அனுப்பியது கேள்வி கேட்கத்தானடா: ஏன் இந்தச் சட்டம், யாருக்காக, இதனால் எந்தப் பிள்ளை பட்டினி கிடக்கும் என்று. சுற்றிலும் எல்லார் கையிலும் துப்பாக்கி இருக்கிற காலத்தில் எங்களிடம் இருக்கிற ஒரே ஆயுதம் உன் வாய். அதை நீ கொட்டாவிக்கு மட்டும் திறக்கிறாய். நீ கேட்காவிட்டால் நாங்கள் எவனைப் போய்க் கேட்பது?

கான்ஸ்டன்ஸுக்கு என் முழு ஆசீர்வாதம். உனக்கும் உண்டு, அரைப்படி.

இப்படிக்கு,
கொதிப்புடன்,
மத்தியாஸ்

பி.கு.: அந்த அரைப்படியும் ரத்து. எறும்புப் பட்டாளம், சுங்கை பெசார் அரிவாள், பதினேழு மயக்கம் எல்லாம் என் கைச்சரக்கு, நம்ப வேண்டாம். குழந்தை இன்று கஞ்சித்தண்ணீரில் கிடப்பது மட்டும் நிஜம். ஆகவே அடுத்த மாதத் தேர்தலில் உன் இடத்துக்கு நானே நிற்கிறேன். வேட்பு மனுவில் என்னை முன்மொழிந்து கையெழுத்துப் போட்டிருப்பவள் கான்ஸ்டன்ஸ்.