ரொறன்ரோ வெல்லும்வரை

வாக்குக் கொடுப்பதென்றால் நடக்காத காரியத்தின் மேல் கொடுக்கவேண்டும். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு. கலியாணமான ஆண்கள் குறித்துவைத்துக்கொள்ளலாம். ஆனால் இதைக் கடைசிவரை வாசித்துவிட்டுக் குறிப்பது நல்லது.

நீர்வேலியில் எங்களுக்கு ஒரு வீடு, ஒரு வாழைத்தோட்டம், முற்றத்தில் ஒரு கார். பிரச்சினை காரில்தான். அப்பா வைத்திருந்த பழைய இங்கிலாந்துக் கார் அது. கடைசியாக ஓடியது எங்கள் கலியாணத்தன்று. கோயிலுக்குப் போகும்போது எங்களை ஏற்றிக்கொண்டு போனது. திரும்பி வரும்போது தலைப்பாகையோடு நான் தள்ளிக்கொண்டு வந்தேன். பொம்பிளை உள்ளே இருந்தாள். என் எதிர்காலம் எப்படியிருக்கும் என்பதை அன்றைக்கே நான் விளங்கிக்கொண்டிருக்கவேண்டும்.

அந்தக் காரை என்றைக்காவது ஓடவைப்பேன் என்பது என் நம்பிக்கை. அந்த இடத்தில் பாவற்காய்ப் பந்தல் போடவேண்டும் என்பது என் மனைவி உதயகலாவின் கொள்கை. பின்சீற்றில் பூனை குட்டி போடுகிறது, அந்தக் குட்டி வளர்ந்து முன்சீற்றில் குட்டி போடுகிறது, இது காரா ஆஸ்பத்திரிப் பிள்ளைப்பேற்று வாட்டா என்று கேட்பாள். நான் அப்பாவின் நினைவு வந்ததுபோல் முகத்தை வைத்துக்கொள்வேன். சில வருஷங்கள் அது வேலை செய்தது.

உதயகலாவின் தம்பி கோகுலனும் அவன் மனைவி றஜிதாவும் ரொறன்ரோவில் இருக்கிறார்கள். அந்த ஊருக்கு ஒரு ஐஸ் ஹொக்கி அணி உண்டு. சறுக்குச் சப்பாத்து மாட்டிக்கொண்டு, பனித் தரையில் ஒரு கறுப்பு வட்டைத் தடியால் தள்ளி ஓடுகிற விளையாட்டு. நான் ஐஸைக் கண்டது மீன்காரனின் பெட்டியில்தான். ஆனாலும் கோகுலன் சொல்லிச் சொல்லி எனக்கும் விஷயம் பிடிபட்டுவிட்டது. அந்த அணி கடைசியாகப் பெரிய கோப்பையை எடுத்தது அறுபத்தேழாம் ஆண்டில். நான் பிறந்தது அறுபத்தெட்டில். நான் பூமிக்கு வந்த பிறகு அவர்கள் வென்றதேயில்லை. ஆனால் ஊர்ச்சனம் ஒவ்வொரு வருஷமும் நீலச் சட்டை போட்டுக்கொண்டு போய்க் கத்தும். தோற்றதும் “அடுத்த வருஷம்” என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வரும்.

ஒரு காலத்தில் கோகுலனுக்கு நெஞ்சுவரை தாடி இருந்தது. றஜிதா எடு எடு என்று நச்சரிக்க, எங்கள் அணி கோப்பை எடுக்கிற அன்றைக்குத்தான் தாடியை எடுப்பேன் என்று சத்தியம் செய்துவிட்டானாம். என்ன மூளை! பிறகு ஏனோ எடுத்துவிட்டான். நான் காரணம் கேட்கவில்லை. யோசனையை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

போன மாரிக்கு முன் உதயகலா பாவல் விதையோடு வந்து முன்னால் நின்றாள்.

“இஞ்சேருங்கோ, உந்தக் காரை எப்ப எடுக்கப்போறீங்கள்?”

“ரொறன்ரோ ஹொக்கி அணி கோப்பை எடுக்கிற அண்டைக்கு.”

“சத்தியமா?”

“அப்பாவின்ரை கார் மேலை சத்தியம்.”

அவள் சண்டை பிடிப்பாள் என்று நினைத்தேன். பிடிக்கவில்லை. விதையைக் கொண்டுபோய் டப்பாவில் போட்டுவிட்டு உள்ளே போய்க் கனநேரம் போனில் கதைத்தாள். பின்னேரம் முழுகி, சீலை மாற்றி, முருகன் கோயிலுக்குப் போனாள். திரும்பி வந்து என் நெற்றியில் விபூதி பூசினாள்.

“உங்கடை அணி வெல்லவேணுமெண்டு நேர்த்தி வைச்சிட்டு வாறன்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “பாவம் முருகன். அவருக்கு ஏன் இந்தச் சோதனை?”

“அவையள் கோப்பை எடுக்குமட்டும் இந்த வீட்டு ஆக்கள் மச்சம் வாயிலை வைக்கிறேல்லை எண்டு.”

சிரிப்பு நின்றுவிட்டது. மீன் இல்லை. இறால் இல்லை. ஆட்டிறைச்சி இல்லை. இந்த வீட்டு ஆட்கள் என்றால் யார் யார் என்று யோசித்தேன். நாங்கள் இரண்டு பேர். அதில் ஒருவர் பிறந்ததிலிருந்தே மச்சம் தொடாதவர். எனக்காக மூக்கைப் பொத்திக்கொண்டு சமைக்கிறவர். மிச்சம் இருந்தது நான் மட்டும்தான்.

நேர்த்தியைத் திருப்பி எடுக்க முடியாதா என்று கேட்டேன். கடவுளிடம் கொடுத்ததை யாராவது திருப்பிக் கேட்பார்களா என்று கேட்டாள். அவள் கேட்டது நியாயம்தான். ஆனால் நியாயத்தைப் பொரித்துத் தின்ன முடியாது.

ஒருநாள் யாழ்ப்பாணம் போனபோது ஒரு தேத்தண்ணிக் கடையில் ஒளிந்திருந்து மட்டன் றோல் ஒன்றைக் கடித்தேன். உள்ளே எலும்பு. கடைவாய்ப்பல் உடைந்தது. வீங்கின கன்னத்தோடு வீட்டுக்கு வந்தேன். உதயகலா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. “முருகன் பாத்துக்கொண்டுதான் இருக்கிறார்” என்று சொல்லி, ஆறின கஞ்சி தந்தாள். அதோடு எனக்குப் பயம் பிடித்துவிட்டது.

இனி ஒரே வழி, ரொறன்ரோ வெல்லவேண்டும். தோற்பதற்காக நான் தேடிப் பிடித்த அணிக்கு நானே பக்தனானேன். அவர்கள் பின்னேரம் விளையாடினால் எங்களுக்கு விடியற்காலை. நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனுக்கு முன்னால் குந்தியிருப்பேன். முக்கியமான ஆட்டங்களுக்குப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். பக்கத்து வீட்டு ஏரம்பு அண்ணை வேலியால் எட்டிப் பார்த்து, வீட்டில் யாருக்கும் சுகமில்லையோ என்று கேட்டார். ரொறன்ரோவுக்குச் சுகமில்லை என்றேன்.

அவர்கள் வழக்கம்போல் தோற்றார்கள். எனக்கு உண்மையிலேயே கண் கலங்கிவிட்டது. அந்த ஊர்ச்சனம் இத்தனை வருஷம் எப்படித்தான் தாங்குகிறதோ தெரியவில்லை.

அன்று கத்தரிக்காய்க் குழம்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோது புத்தி வேலை செய்தது. இவ்வளவும் எதற்காக? காருக்காக. கார் போனால் நேர்த்தியும் போய்விடும். அடுத்த நாளே ஏரம்பு அண்ணையைக் கூப்பிட்டு, “காரைக் கொண்டுபோங்கோ, உங்களுக்குத்தான்” என்றேன். அவர் தன் லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் கட்டி இழுத்துக்கொண்டு போனார். பூனை மதிலில் இருந்து பார்த்தது. நெஞ்சு வலித்தது. ஆனால் நாக்கு ஊறியது. நேரே காக்கைதீவு மீன்சந்தைக்குப் போய், கால் ஆட்டுகிற நண்டு ஒரு பை நிறைய வாங்கிவந்து குசினி வாசலில் வைத்தேன்.

“இதென்ன?”

“நண்டு. கார் போயிட்டுது. நேர்த்தியும் முடிஞ்சுது. குழம்பு வையும்.”

“ஆர் சொன்னது முடிஞ்சுதெண்டு? நான் காரைப் பற்றி முருகனிட்டை ஒரு சொல்லும் கதைக்கேல்லை. ரொறன்ரோ வெல்லவேணுமெண்டுதான் கேட்டனான்.”

“அப்ப கார்?”

“அது நீங்களாத்தானே குடுத்தனீங்கள். நல்ல காரியம். பந்தலுக்கு நாலு தடி வெட்டித் தாங்கோ.”

நண்டுப் பையும் ஏரம்பு அண்ணை வீட்டுக்குத்தான் போனது. அன்று இரவுச் சாப்பாட்டு நேரத்தில் நண்டுக் குழம்பு வாசம் வேலி தாண்டி வந்தது. என்னுடைய காரும் அங்கே, என்னுடைய நண்டும் அங்கே.

பந்தலில் முதல் பாவற்காய் காய்த்த ஞாயிற்றுக்கிழமை கோகுலன் வீடியோவில் வந்தான். வழக்கம்போல் அவன் முன்னால் சோறு, பருப்பு, முருங்கையிலை வறை. வெளிநாடு போயும் சைவம் விடாத பிள்ளை என்று நான் நாலு பேரிடம் அவனைப் புகழ்ந்திருக்கிறேன். அன்றைக்குப் புகழும் மனநிலையில் இல்லை. நேர்த்தி, கார், நண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டுக் கேட்டேன்.

“கோகுலன், உண்மையைச் சொல்லும். உங்கடை ஆக்கள் எப்ப வெல்லுவினம்?”

அவன் பின்னால் திரும்பிப் பார்த்தான். றஜிதா அங்கே இல்லையென்று தெரிந்ததும் போனைக் கிட்டக் கொண்டுவந்தான். “அத்தான், இஞ்சை வந்து நான் மச்சம் பழகினாப்பிறகு, மகள் பிறக்கேக்கை றஜிதா உதே நேர்த்தியை வைச்சவ. மகள் இப்ப பல்கலைக்கழகம் போறாள். அக்காவுக்கும் அவதான் சொல்லிக் குடுத்திருப்பா.”

நான் அவனுடைய பருப்பைப் பார்த்தேன். அவன் என் தட்டில் இருந்த பாவற்காயைப் பார்த்தான்.

“இதுக்கு ஒரு வழியும் இல்லையே?” என்று கேட்டேன்.

அவன் மழித்த நாடியைத் தடவினான். “தாடியை எடுத்தும் பாத்திட்டன், அத்தான்.”