திரும்பிப் பார்க்காத மாப்பிள்ளை

செந்தூர் முருகன் முன்னிற்க.

தூத்துக்குடி.

அன்பும் மரியாதையும் நிறைந்த அத்தான் அவர்களுக்கு, மைத்துனன் சிவனணைந்தபெருமாள் வணங்கி எழுதுவது. இங்கே நான், வீட்டில், பாத்திரக்கடை, கடையைப் பார்க்கும் மகன் எல்லாரும் சௌக்கியம். என் வலது முழங்கால் மட்டும் சௌக்கியமில்லை. அது உங்கள் மகளுக்கு மாப்பிள்ளை விசாரிக்கப் போன இடத்தில் பட்ட அடி என்பதால் முதலிலேயே சொல்லிவைக்கிறேன். அங்கே கோயம்புத்தூரில் நீங்களும் அக்காவும் மருமகள் அனுசியாவும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டுகிறேன்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போன தடவை வேறொரு மாப்பிள்ளையைப் பற்றி நான் மூச்சுவிடாமல் பேசி அனுப்பியது விரல் தவறி வாட்ஸ்அப் குடும்ப குரூப்புக்குப் போய், அந்த மாப்பிள்ளையின் சித்தப்பாவே அதற்குக் கும்பிடு போட்டது உங்களுக்கு மறந்திருக்காது. "இனிமே எதுன்னாலும் எழுதிக் கூரியர்ல போடும் வே" என்று அன்றைக்கே உத்தரவு போட்டுவிட்டீர்கள். பெண் பார்த்தாயிற்று, பிடித்தும் போயிற்று, உன் கடிதம் வந்த பிறகுதான் பூ வைப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வேன் என்றும் சொன்னீர்கள். தாய்மாமன் தலையில் இவ்வளவு பெரிய பாரத்தை வைத்த பிறகு நான் சும்மா இருப்பேனா? புகுந்து விளையாடிவிட்டேன்.

பையன் செந்தூர்வேல் சொக்கத்தங்கம், அத்தான். நான் சொல்லவில்லை, ஊர் சொல்கிறது. எதிர்வீட்டு முத்துக்கனியிடம் குடிதண்ணீர் கேட்கிற சாக்கில் பேச்சுக் கொடுத்தேன். "அந்தப் புள்ள மாதிரி சுத்தம் எங்கயும் கெடையாது அண்ணாச்சி. வெளிய போய்ட்டு வந்தா கை கழுவாம வாசப்படி மிதிக்க மாட்டான். கழுவுனா தொட்டி காலியாவுற வரைக்கும் கழுவுவான். அவன் கழுவிட்டு வாரதுக்குள்ள நான் கொழம்பு வச்சு எறக்கிருவேன்" என்று கன்னத்தில் கைவைத்துச் சொன்னாள். அப்புறம் அவன் வேலை பார்க்கிற கண்டெய்னர் யார்டுக்குப் போய் சூப்பர்வைசர் எபனேசரைப் பிடித்தேன். "கப்பலுக்குப் போற கண்டெய்னர்ல கதவும் சீலும் சரியா இருக்கான்னு பாக்கதுதான் அவனுக்கு வேலை. அவன் பாத்துட்டாம்னா நான் பாக்க வேண்டியதே இல்ல. என்ன, ஒரு கதவை அவன் விடுததுக்குள்ள லாரிக்காரன் ஒரு தூக்கம் போட்டு எந்திரிச்சிருவான்" என்று அவரும் சிரித்தார். இதற்கு மேல் என்ன வேண்டும்? என் கடையில் பூட்டைத் தொங்கவிட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற மகராசன்களோடு மாரடிக்கிறவன் நான். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். என் புத்தி கேட்டால்தானே. பையன் யாருக்கும் தெரியாமல் ஒயின்ஷாப் பக்கம் ஒதுங்குகிறானா என்று ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று, மகனுடைய ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, காலையில் ஸ்கூட்டியில் அவன் பின்னாலேயே போனேன். வீட்டு கேட்டைப் பூட்டினான், தெருமுனை வரை போனான், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்த்தான், போனான், மறுபடியும் வந்தான். ஆஹா, என்ன பொறுப்பு என்று மெச்சிக்கொண்டே நானும் போகிறேன், திரும்புகிறேன், போகிறேன், திரும்புகிறேன். பழக்கடைக்காரர் என்னைப் பார்த்து, "அண்ணாச்சி, எதையும் தொலைச்சிட்டியளா?" என்று பரிதாபமாகக் கேட்டார். ஒரு வழியாகத் துறைமுகச் சாலைக்கு வந்தோம். அங்கே ஒரு வேகத்தடை. அதில் ஏறி இறங்கினவன் கொஞ்ச தூரம் போய்ச் சடாரென்று வண்டியைத் திருப்பினான். நானும் திருப்பினேன். உப்பு லாரியிலிருந்து சிந்திய உப்பு ரோடெல்லாம் கிடந்ததை நான் பார்க்கவில்லை. அப்படியே சறுக்கிக்கொண்டு போய் விழுந்தேன்.

அவன் வண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தான் பாருங்கள், முகத்தில் ரத்தமே இல்லை. "அய்யோ, நான்தான இடிச்சேன்?" என்றான். "இல்லப்பா, நானாத்தான் விழுந்தேன்" என்றேன். "நல்லாத் தெரியுமா? நான் இடிக்கலயா?" "ஏலே, நீ முன்னால போற, நான் பின்னால வாரேன். முன்னால போறவன் பின்னால வாரவன எப்படிடே இடிப்பான்?" "இல்ல, எதுக்கும் நல்லா யோசிச்சுச் சொல்லுங்க." இப்படியே கேட்டான், கேட்டான், கேட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, இடித்துத்தான் விட்டானோ என்று. வலி தாங்காமல் ஹெல்மெட்டைக் கழற்றினேன். "மாமா, நீங்களா!" என்றான். இன்னும் பூவே வைக்கவில்லை, அதற்குள் மாமா என்கிறான் என்று அந்த வலியிலும் ஒரு சந்தோஷம்.

டீக்கடையில் உட்காரவைத்து முழங்காலைத் துடைத்து மருந்து போட்டுவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். "விசாரிக்கத்தான் வந்திருக்கீங்கன்னு தெரியும் மாமா. எல்லாத்தையும் எழுதுங்க. இதையும் சேத்து எழுதுங்க. எனக்கு ஓ.சி.டி.ன்னு ஒரு மனநோய் இருக்கு. ஒரு மேட்டுல வண்டி ஏறி எறங்குனா யாரையோ இடிச்சிட்டேன்னு தோணும். திரும்பிப் போய்ப் பாப்பேன். யாரும் இருக்க மாட்டாங்க. இன்னொருக்க பாருன்னு மனசு சொல்லும். இன்னைக்குத் திரும்புதேன், நெசமாவே ஒரு ஆள் கெடக்கு." நான் டீயைக் கீழே வைத்துவிட்டேன். "எவம்லே சொன்னான் நோய்னு? மாட்ட இடிச்சிட்டு நிக்காமப் போறவனுக்கு நோய் இல்ல, திரும்பி வந்து பாக்கவனுக்கு நோயா?" என்று சத்தம் போட்டேன். "ஒருத்தங்க சொல்லித்தான் டாக்டரப் பாத்தேன்" என்றான். யாரென்று கேட்டேன். "அத அப்பறம் சொல்லுதேன் மாமா" என்று மழுப்பினான். சரி, எந்த டாக்டர் எழுதினாரோ அவரை வைத்தே அழித்துவிட்டால் போயிற்று என்று, அடுத்த தடவை அவன் போகும்போது நானும் கூடவே கிளம்பிவிட்டேன்.

மனநல ஆஸ்பத்திரி வெளித்திண்ணையில் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று பேப்பரை முகத்துக்கு நேராக விரித்துப் பிடித்திருந்தேன். ஏரல் பெரியப்பா வீட்டு ஆள் ஒருவர் அந்தப் பேப்பரின் பின்பக்கத்தை வாசிக்கிறேன் என்று குனிந்தவர், பேப்பருக்குள் என்னைக் கண்டுபிடித்துவிட்டார். 'பாத்திரக்கடைக்காரருக்குப் புத்தி பேதலித்துவிட்டதாம்' என்று இந்நேரம் ஏரல் சந்தையில் பேசிக்கொண்டிருப்பார்கள். அக்கா காதுக்கு வந்தால் நம்ப வேண்டாம். அவரே எதற்கு அங்கே வந்தார் என்று கேட்கத்தான் எனக்கு அப்போது தோன்றவில்லை.

டாக்டர் பெயர் ஜெப்ஸி, நாசரேத்துப் பக்கம். செந்தூர்வேலிடம் கேட்டுக்கொண்டுதான் என்னை உள்ளே கூப்பிட்டார். நான் எடுத்த எடுப்பிலேயே பிடித்துக்கொண்டேன். "நானுந்தான் கடையப் பூட்டிட்டு இழுத்துப் பாக்கேன். எனக்கும் நோய்னு எழுதுங்க, பாப்போம்" என்றேன். அந்த அம்மாள் கோபப்படவே இல்லை. "இழுத்துப் பாத்துட்டு என்ன செய்வீங்க அண்ணாச்சி?" "வீட்டுக்குப் போயிச் சாப்பிட்டுத் தூங்குவேன்." "இவரால சாப்பிடவும் முடியல, தூங்கவும் முடியல. பூட்டியாச்சுன்னு இவருக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சும் மனசு விட மாட்டேங்குது. ஆசைப்பட்டுச் செய்யல, பயந்து செய்யுதார். ஒரு நாள்ல பெரும் பகுதி இதுக்கே போயிருது. சுத்தம்னு ஊரே மெச்சுதாமே, அந்தக் கையக் கொஞ்சம் பாருங்க" என்றார். பார்த்தேன். தோல் உரிந்து, வெடித்து, விரல் இடுக்கெல்லாம் ரத்தம் உறைந்து கிடந்தது. முத்துக்கனி சொன்னபோது நான் கேட்டுக்கேட்டுப் பூரித்த சுத்தம் இதுதான். எனக்கும் நோய் என்று எழுதச் சொன்னதை அங்கேயே வாபஸ் வாங்கிக்கொண்டேன், அத்தான்.

இதற்கு மருந்து இருக்கிறதாம், கூடவே ஒரு பயிற்சியும் இருக்கிறதாம். பயம் வந்தாலும் திரும்பிப் போய்ப் பார்க்கக் கூடாது, அதுதான் பயிற்சி. நாம் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. "இடிச்சிட்டேனா?" என்று அவன் கேட்டால், "இல்லப்பா" என்று ஆறுதல் சொல்லக் கூடாது. சொல்லச் சொல்ல அந்த நோய் இன்னும் கேட்குமாம். இந்த வேலையை நான் ஏற்றுக்கொண்டதால்தான் கடிதம் இவ்வளவு தாமதம். போன வாரம் அவன் வண்டியில் பின்னால் உட்கார்ந்து அதே துறைமுகச் சாலையில் போனேன். அதே வேகத்தடை. ஏறி இறங்கியது. "மாமா, யாரும்..." என்று ஆரம்பித்தான். நான் தோள் துண்டை வாயில் திணித்துக்கொண்டேன். "மாமா, ஏதோ சத்தம் கேட்டுச்சில்லா?" பல்லைக் கடித்தேன். வாய் ஓயாமல் பேசி வியாபாரம் செய்தவனுக்கு இது எவ்வளவு பெரிய தண்டனை என்று யோசித்துப் பாருங்கள். அவன் சட்டை முதுகு தொப்பலாக நனைந்துவிட்டது. ஆனால் திரும்பவில்லை, அத்தான். சாலை முடிகிற இடம் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தி, கடலைப் பார்த்து நின்று அழுதான், அழுதுகொண்டே சிரித்தான். நானும் அழுதேன். துண்டை வாயிலிருந்து எடுக்க மறந்துபோனதால் அது வேறு மாதிரியாக இருந்திருக்கும்.

ஆகவே என் விசாரணை முடிவு இது. பையனுக்கு நோய் உண்டு. உடனே போய்விடாது, பல நாள் இழுக்கும், குறைந்தாலும் ஒருவேளை திரும்ப வரலாம் என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். ஆனால் பெண் கேட்டு வந்த இடத்தில் தன் குறையைத் தானே எழுதச் சொன்ன மாப்பிள்ளையை நான் இதுவரை கண்டதில்லை. சம்பளத்தைக் கூட்டிச் சொன்னவனையும் வயதைக் குறைத்துச் சொன்னவனையும் எத்தனையோ தடவை விசாரித்திருக்கிறேன். பயத்தை மென்று விழுங்கிக்கொண்டு ஒரு மனுஷன் வண்டியை நேராக ஓட்டியதைப் பின்னால் உட்கார்ந்து பார்த்தவன் சொல்கிறேன், பெண்ணைக் கொடுங்கள். ஊரில் யாரும் கண்டுபிடிக்காததை இவ்வளவு நுணுக்கமாக விசாரித்துச் சொல்ல என்னை விட்டால் யார் இருக்கிறார்கள் என்பதையும் அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

உங்கள் வீட்டில் மங்கலம் நிறையட்டும். அக்காவுக்கு மக்ரூன் தனிப் பார்சலில் வருகிறது, சர்க்கரைக்காரர் நீங்கள் கை வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
என்றும் தங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட மைத்துனன்,
சிவனணைந்தபெருமாள்

பின்குறிப்பு: மேலே எழுதியதை வாசிக்க வேண்டாம். வாசித்துவிட்டால் மறந்துவிடுங்கள். உறையை ஒட்டப் போகிற நேரத்தில் அனுசியா போன் செய்தாள். "மாமா, அவங்களுக்கு ஓ.சி.டி. இருக்குன்னு அப்பாவுக்கு எழுதிட்டியளா?" என்றாள். நான் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தேன். பெண் பார்க்க வந்த அன்றைக்கு, ரெண்டு பேரும் பேசிவிட்டு வாருங்கள் என்று மாடிக்கு அனுப்பினோமே, அங்கேயே விஷயம் முடிந்துவிட்டதாம். நீங்களும் நானும் அன்று அவனுடைய உயரம், மீசை, சம்பளம் எல்லாம் பார்த்தோம். அவள் காப்பி டம்ளரை நீட்டும்போது அவன் கையைப் பார்த்திருக்கிறாள். "எரியுதான்னு கேட்டேன் மாமா. இதுவரைக்கும் யாருமே அப்படிக் கேட்டதில்லன்னு சொல்லி எல்லாத்தையும் சொன்னாங்க. டாக்டரப் பாருங்க, எங்க மாமா விசாரிக்க வருவாங்க, அவங்ககிட்ட மறைக்காமச் சொல்லுங்க, சொல்லிட்டா எனக்குச் சம்மதம்னு சொன்னேன்" என்றாள். நான் அவனை விசாரிக்கவே இல்லை, அத்தான். அவள் வைத்த பரீட்சைக்குக் கேள்வித்தாளாகத்தான் முழங்காலை உடைத்துக்கொண்டு போய் வந்திருக்கிறேன். நன்றாக நாலு வார்த்தை திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் மெதுவாக, "மாமா, போன வாரம் அவங்க வண்டியில பின்னால உக்காந்து போனியளாமே, அந்த மேட்டுல ஏறி எறங்குனப்பறம் திரும்பிப் பாத்தாங்களா?" என்று கேட்டாள். "பாக்கலம்மா" என்றேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "அப்போ அப்பாவ நாள் பாக்கச் சொல்லுங்க" என்றாள்.

நாளைப் பாருங்கள், அத்தான்.