பென்ஷி வேலைக்குப் போய் வாயடைத்த கதை

அநியாயத்தைக் கண்டால் என் இரத்தம் கொதிக்கும் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். உண்மையில் அது தூரத்து அநியாயத்துக்கு மட்டும்தான் கொதித்தது. (இதை ஒத்துக்கொள்ள எனக்கு ஐந்து வருடம் எடுத்தது.)

டென்மார்க்கில் நாங்கள் இருக்கும் எஸ்பியர்க் நகர நூலகத்தில் ஜப்பானிய ஊமைப்படம் ஒன்று காட்டினார்கள். அந்தக் காலத்தில் ஜப்பானில் 'பென்ஷி' என்றொருவர் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்வாராம். அவர் அரசாங்கத்தைப் பற்றி வாயை நீட்டினால் நிறுத்த, அரங்கிலேயே பொலிஸும் இருக்குமாம். தமிழ் ஆட்களுக்கான காட்சிக்கு என்னைப் பென்ஷியாகக் கேட்டார்கள். மீன் தொழிற்சாலை மெஷினை வென்ற தொண்டை என்னுடையது. மைக் வேண்டாம் என்றேன்.

அதற்கு இரண்டு கிழமைக்கு முன் மகள் யாழினி, செந்தூரன் என்ற பெடியனைக் கட்டப்போவதாகச் சொல்லியிருந்தாள். தாதியாக வேலை செய்கிறவன், தங்கமானவன். நான் உடனே பிரெடெரிசியா நகரில் இருக்கும் தெரிந்தவருக்குத் தொலைபேசியில் கோல் எடுத்து, "அவையள் ஊரிலை எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். இந்தக் கேள்வி எதைக் கேட்கிறது என்று எந்த யாழ்ப்பாணத்தானுக்கும் விளக்கத் தேவையில்லை. பதில் எனக்குப் பிடிக்கவில்லை. "சரிவராது பிள்ளை" என்றேன். காரணம் சொல்லவில்லை, கோழை.

படத்தில் தோல் பதனிடும் சாதிப் பையன் ஒருவன் பண்ணையார் மகளை விரும்புகிறான். பண்ணையார் அவன் பூர்வீகத்தை விசாரிக்க ஆள் அனுப்புகிறார். எனக்கு வந்ததே கோபம்!

"பாருங்கோ இந்த அயோக்கியனை! மனிசனைப் பாக்காமல் அவன்ரை தெருவைப் பாக்கிறான்! இவனுக்கெல்லாம் ஒரு மகள்!"

கைதட்டல் பறந்தது. மூன்றாம் வரிசையில் யாழினி எழும்பினாள். பக்கத்தில் செந்தூரன்.

"அப்பா, அந்தப் பண்ணையாரும் பிரெடெரிசியாவுக்குக் கோல் எடுத்துக் கேட்டவரோ?"

மண்டபமே சிரித்தது. பிரெடெரிசியாக்காரர் ஏற்கெனவே டென்மார்க் முழுக்கச் சொல்லிவிட்டிருந்தார், சண்டாளன்! படம் தன்பாட்டுக்கு ஓட, நான் மரமாக நின்றேன். படத்தில் மனமுருகிவிட்டேன் என்று நினைத்து, நூலகத்து டெனிஷ் பெண் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள்.

அப்போது செந்தூரன் கேட்டான், "சொல்லுங்கோ மாமா, பிறகு என்ன நடந்தது?"

படத்தின் கடைசிச் சுருளைத் தணிக்கைக்காரர்கள் அந்தக் காலத்திலேயே வெட்டிவிட்டார்கள். "தெரியாது தம்பி" என்றேன். அன்று நான் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

அந்தப் பண்ணையாரைத் திட்டியதில் பாதியாவது என்னைத் திட்டியிருக்கலாம். இப்போதும் நினைத்தால் என் கன்னத்தில் நானே அறையவேண்டும்போல் எரிகிறது. கலியாணம் நடந்தது. என்னிடம் ஒருவரும் சம்மதம் கேட்கவில்லை, அது சரிதான்.

இன்றைக்கும் தொலைக்காட்சிச் செய்தியைப் பார்த்து நான் உலக அநியாயத்துக்குக் கத்தத் தொடங்கினால், குசினியிலிருந்து மனைவி குரல் கொடுப்பாள்: "பிரெடெரிசியாவுக்குக் கோல் எடுத்துக் கேட்டனீங்களோ?"

வீடே விழுந்து விழுந்து சிரிக்கும், நானும் சிரிப்பேன். மருமகன் மட்டும் இன்னும் சிரிக்கவில்லை.