கரிசலில் உழுத எழுத்து

சும்மாடு அண்ணாச்சியைப் போல ஒரு கிறுக்கரைக் கோவில்பட்டிச் சுற்றுவட்டாரத்திலேயே நான் பார்த்ததில்லை. தலையில் சுமை இருக்கிறதோ இல்லையோ, சும்மாடு இருக்கும். கல்யாணப் பந்தியிலும் இருக்கும். கேட்டால், "சுமை சொல்லிட்டா வருது?" என்பார்.

சொல்லாமல்தான் வந்தது. மூன்றாம் வகுப்புப் படித்த அவர் மகள் செல்லத்தாய்க்கு எழுத்து ஏறவில்லை. சூட்டிகையான பிள்ளை. எந்தப் புஞ்சைக்கு எந்தத் தடம் என்று எங்களுக்கே வழி சொல்வாள். புத்தகத்தை விரித்தால் மட்டும், "எழுத்தெல்லாம் நெளியுதுப்பா" என்று அழுவாள். இப்போது டாக்டர்கள் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்களாம். இது நடந்த வருசம் எழுபத்தாறோ, எழுபத்தேழோ. எங்கள் ஊரில் அதற்கு இருந்த ஒரே பெயர் மக்கு.

முழுப்பரீட்சையில் டீச்சர் முன்னால் ஒரு பாடம் வாசிக்காவிட்டால் தீப்பெட்டி ஆபீசு வேலைக்குத்தான் என்று அவள் அம்மா முடிவு செய்துவிட்டாள். பிள்ளைகளை ஏற்றிப்போகும் வேன்காரனிடம் பேரும் கொடுத்தாயிற்று.

அண்ணாச்சியும் என்னைப் போலக் கைநாட்டுதான். "கண்ணுல நிக்காதது கால்ல நிக்குதான்னு பாப்பமே" என்றார். காலையில் டீச்சரிடம் போய் உள்ளங்கையில் ஒரு எழுத்து எழுதி வாங்கிக்கொள்வார். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும், கம்பு அறுத்த காட்டில் கையைப் பார்த்துப் பார்த்து அதையே உழுவார், பனைமர உயரத்துக்கு. செல்லத்தாய் சத்தமாகச் சொல்லிக்கொண்டே அந்த உழவுச் சாலில் நடப்பாள். பத்துத் தரம், இருபது தரம். பிறகு கண்ணை மூடிக்கொண்டு.

எழுத்து அழியக் கூடாதென்று பகல் முழுக்க வலது கையை நனைக்க மாட்டார். கடம்பூரில் ஒரு சடங்கு வீடு. போளி நன்றாக இருந்தது, அது வேறு கதை. பந்தியில் இவர் இடது கையால் சோற்றைப் பிசைகிறார்! பக்கத்து இலைக்காரர் பதறிப்போனார்.

"ஏ அண்ணாச்சி, சோத்துக்கையி என்னாச்சு?"

"அதுல 'ழ' இருக்குல்லா. பிள்ள இன்னும் பாக்கல."

சித்திரை ஒன்றாம் தேதி எங்கள் பக்கம் பொன்னேர். ஊர் ஏரெல்லாம் ஒரே புஞ்சையில் வரிசை கட்டி, முன்னேர் போன வழியே நேராக உழ வேண்டும். சால் கோணினால் மழை கோணும் என்று நம்பிக்கை. அண்ணாச்சி முன்னால், அவர் பின்னால் நான். செல்லத்தாய்க்கு மறுநாள் பரீட்சை. 'ண' மட்டும் இன்னும் பிடிபடவில்லை. பாதிப் புஞ்சையில் மாட்டை மடக்கினார். ஒரு சுழி. இரண்டு. மூன்று.

"ஏ சும்மாடு! மாடு மிரண்டுட்டா?" என்று வரப்பிலிருந்து கத்தினார்கள்.

"மாடு சரியாத்தான் போவுது. ஏ தாயி, இறங்கி நட!" என்று வரப்பில் நின்ற மகளைக் கூப்பிட்டார்.

நானும் கத்தினேன். "அண்ணாச்சி, ஊர் வாயில மண்ணப் போடுதீகளே!"

அவர் திரும்பிப் பார்த்தார். "மழைக்கு அடுத்த சித்திரை உண்டுலே. இவளுக்கு நாளைக்கு ஒரு நாளுதான்."

நான் என் மாட்டை நேராக ஓட்டிக்கொண்டு போய்விட்டேன்.

மறுநாள் செல்லத்தாய் வாசித்தாள். கால் பெருவிரல் தரையில் கோடு இழுக்க இழுக்க, ஒவ்வொரு எழுத்தாக. ஒரு பாடத்துக்கு ஒரு மணி நேரம். டீச்சர் குறுக்கே பேசவில்லையாம். நாலாம் வகுப்புக்குப் போனாள். வேன் அவள் வீட்டு முன்னால் நிற்கவே இல்லை.

அந்த வருசம் மழை சரியில்லை. எங்கள் சீமையில் எந்த வருசம்தான் சரி? ஆனாலும் ஊர் அவரைத் திட்டியது. நானும் திட்டினேன்.

அவர் போய்ச் சேர்ந்து வருசங்களாகிவிட்டன. சித்திரை பிறந்தால் இன்றும் எனக்கு மனசு அறுக்கும். அன்றைக்கு அந்தக் கோணலில் என் மாட்டையும் திருப்பியிருக்கலாம்.