இருபத்துமூன்றாம் அத்தியாயம்

சளார்!

இருட்டி அரைமணிகூட ஆகவில்லை. உத்திரமேரூரில் ஏரிக்கரையை ஒட்டிய தெருவில் கடைசி வீடு அது. பின்பக்க இருட்டிலிருந்து வந்தது சத்தம், யாரோ யாரையோ கன்னத்தில் அறைந்ததுபோல. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் ஓர் ஆண்குரல் தொண்டைக்குள்ளேயே சிரித்தது. மறுபடியும், சளார்!

குழலி ஆறுமாதக் குழந்தையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

“கேட்டுச்சாங்க? தினமும் இதே நேரத்துக்கு. நீங்க ஒருநாளாவது வீட்ல இருந்தாத்தானே தெரியும்!”

ஜலதோஷத்தால் அன்றைக்கு மட்டும் வீட்டிலிருந்த அவள் புருஷன் ஆனந்தனுக்கா தெரியாது? அந்த அறைச் சத்தம், சைக்கிள் கடைப் பாண்டுரங்கன் ரம்மியில் ஜெயித்துச் சீட்டைப் பலகையில் அடித்தது. சிரிப்பு, உரக்கடைத் தாண்டவராயனுடையது. இடம், இவன் வீட்டுக்கு நேர் பின்னால் இருக்கும் தாண்டவராயனின் உரக் கிடங்கு. தன்னை விட்டுவிட்டு ஆடுகிறார்களே என்று ஆனந்தனுக்கு வயிறு எரிந்தது. அதை முகத்தில் காட்டாமல், “ஆந்தை” என்றான்.

“ஆந்தை அறையுமா?”

“பெரிய ஆந்தை.”

“சிரிக்குமா?”

ஆனந்தனுக்கு இலக்கியம் கைகொடுத்தது.

“இதோ பாரு. வேகவதிதாசன் எழுதின ‘ஏழாவது சுரங்கம்’ நாவல்ல இதே மாதிரி ஒரு சத்தம் வரும். ஜன்னலைத் திறந்து பாத்த ராஜகுமாரி மூணு நாள் பேச்சு மூச்சில்லாம கிடப்பா. நீ பின்பக்கத்து ஜன்னலை மட்டும் திறந்துடாதே.”

“எங்க கான்வென்ட்ல சிஸ்டருங்க, பேயே கிடையாதுன்னு சொல்லியிருக்காங்க.”

“அவங்க சொன்னது இங்கிலீஷ் பேயை. இது உத்திரமேரூர்ப் பேய்.”

“அப்படின்னா கதவையாவது தாழ் போட்டுக்கிறேனே?”

“நான் வந்து தட்டணுமா? குழந்தை முழிச்சுக்காதா? சும்மா சாத்தி வை, போதும்.”

குழந்தைமேல் அவ்வளவு கரிசனம். அதனால் ஆறு மாதமாக அவள், தாழ் போடாத கதவுக்கு நேராக, மடியில் குழந்தையும் பக்கத்தில் அரிவாள்மணையுமாக உட்கார்ந்தே இருந்தாள். காற்றில் கதவு அசைந்தால் கை அரிவாள்மணைக்குப் போகும். நாய் குரைத்தால் போகும். குரைத்த நாய் நிறுத்தினாலும் போகும். புருஷன் வீடு வந்து சேரும்போது அப்படியே தலை தொங்கித் தூங்கியிருப்பாள்.

“என்ன தூக்கம்! கொஞ்சம் படிக்கிற பழக்கத்தையாவது வெச்சுக்கக் கூடாதா?” என்பான் அவன்.

படிக்கிற பழக்கத்தைப் பற்றிப் பேச அவனைவிட்டால் ஊரில் ஆளில்லை. வாலாஜாபாத் அரிசி ஆலையில் அவன் குமாஸ்தா. கேட்டால், “நான் ஒரு வாசகன்” என்பான். அவனுக்குப் பிடித்த நாவலாசிரியர்கள் மூன்று பேர். சரித்திரத்துக்கு வேகவதிதாசன். குடும்பக் கதைக்கு விசாலவதனி அம்மையார். உலக இலக்கியத்துக்கு ஒரு ருஷ்யாக்காரர். அவர் பெயரைச் சொல்லும்போது வாயில் வெற்றிலை இருக்கக் கூடாது. மூன்று பேரையும் அவன் பஸ்ஸில்தான் பழக்கம் பண்ணிக்கொண்டான். பக்கத்து சீட்டில் வருகிற தமிழ் வாத்தியார் ஒருவர் நாவல் நாவலாகக் கதை சொல்வார். பாதி வழியில் இறங்கிவிடுவார். எனவே உலகத்தின் மகத்தான நாவல்கள் எல்லாம் ஆனந்தனுக்குப் பாதியோடு நின்றிருந்தன.

மீதிப் பாதியைப் படிக்கத்தான் சாயங்காலமானால் ‘வாசகர் வட்டம்’ போகிறான் என்பது வீட்டில் சொன்னது. குழலியின் அம்மா, வாரப் பத்திரிகையில் வந்த ‘ஏழாவது சுரங்க’த்தை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, காஞ்சிபுரத்தில் பைண்டு பண்ணிச் சீரோடு அனுப்பியிருந்தாள். அந்தத் தலையணைப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, முன்வாசல் வழியாகக் கம்பீரமாக இறங்கி, தெருவை முழுசாக ஒரு சுற்றுச் சுற்றி, தன் வீட்டுக்கே பின்னால் வந்து சேருவான். கிடங்கில் புத்தகத்தை மூட்டைமேல் போட்டு அதன்மேல் உட்காருவான். யூரியா மூட்டை கொஞ்சம் ஈரம்.

பத்து நாளாக அந்தச் சீட்டுக்கட்டில் ஒரு ஜோக்கர் காணோம். “எலி தின்னுட்டிருக்கும்” என்று ஆனந்தன் தீர்ப்புச் சொல்லியிருந்தான். எலியின் பெயர் ஆனந்தன். ஜோக்கர் அவன் சட்டைப் பையில் இருந்தது. தோற்கிற நேரத்தில் மட்டும் கைக்கு வரும்.

மறுநாள் காலையில் அந்தச் சட்டை கொடியில் ஈரமாகத் தொங்கியது. ஆனந்தன் பையைத் தடவினான். காலி.

“துவைக்கும்போது பைல எதுனா இருந்துச்சா?”

“என்ன இருக்கும்? நீங்க படிக்கப் போறவர்தானே.” குழலி புத்தகத்தை எடுத்து முகர்ந்தாள். “இதுல ஏங்க யூரியா வாசனை வருது?”

“சோழநாட்டுக் கதையாச்சே. வயல், வரப்பு…”

“ஓ!” என்றாள். அவள் கண்ணைப் பெரிதாக்கி ‘ஓ’ என்றால் ஆனந்தனுக்கு ரொம்பப் பிடிக்கும். “எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?”

“இருபத்திரண்டு முடிஞ்சு, இருபத்துமூணும் ஆச்சு.”

“இருபத்துமூணாம் அத்தியாயம் எப்படி இருந்துச்சு?”

“ஆஹா!” ஆனந்தன் துண்டை உதறித் தோளில் போட்டான். “அதை எழுத இன்னொருத்தன் பிறந்து வரணும். மூணு தடவை படிச்சேன். மூணு தடவையும் அழுதேன். பாண்டுரங்கனும் அழுதான்.”

“அவரும் கேட்டாரா?”

“நான் வாசிக்க, அவங்க ரெண்டு பேரும் கேப்பாங்க. வட்டம்னா பின்னே என்ன?”

“ஓ!” என்றாள் குழலி மறுபடியும்.

அன்று சாயங்காலம் புத்தகத்தை இடுக்கிக்கொண்டு அவன் வாசற்படியில் கால் வைக்கவும், எதிரே பாயைச் சுருட்டிக்கொண்டு பாண்டுரங்கன் மனைவி பவளம் ஏறி வரவும் சரியாக இருந்தது. அவள் பின்னால் பாண்டுரங்கன். தண்டனைக்கு அழைத்துவரப்பட்ட முகம்.

“இன்னா தம்பி, எங்க கெளம்பிட்ட? குந்து. எங்க வூட்டுக்காரரு தெனம் உன் கதைய கேக்கத்தான் போறேன்னு சொல்லிக்கினு கீறாரு. ஏன், எங்களுக்குக் காது இல்லியா? தண்ணிக் கொயாகிட்ட கொயலி சொல்லிச்சு, இருபத்துமூணாம் பாகத்துல அல்லாரும் அயுவாங்களாமே! எங்க, அத்தப் படி, நாங்களும் அயுவுறோம்.”

அடுத்ததாக உரக்கடைச் சொக்கம்மாள் வந்தாள், தாண்டவராயனை முன்னால் நடக்கவிட்டு. “நைனா, நல்லா சத்தமா படி. இவுருக்குக் கதைன்னா உசுராம். நேத்துதான் சொன்னாரு.”

கூடத்தில் பாய் விரிந்தது. கதவை மட்டும் யாரும் சாத்தவில்லை. அதன் வழியாக ஆனந்தன் தெருவை ஏக்கத்தோடு பார்த்தான். குழலி நாற்பது வாட் விளக்குக்கு நேராக அவனை உட்காரவைத்து, குழந்தையோடு பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

“முதல்லேருந்து படிக்கட்டுமா?” ஆனந்தன் கெஞ்சினான். “அப்பத்தான் புரியும்.”

“வேணாம்,” என்றாள் குழலி. “உங்களுக்குப் பிடிச்சதையே படிங்க.”

“தொண்டை கட்டியிருக்கு. ஜலதோஷம்…”

“வெந்நி வெச்சிருக்கேன்.”

வேறு வழியில்லை. ஆனந்தன் வாழ்க்கையில் முதல்முறையாக அந்தப் புத்தகத்தைத் திறந்தான். இருபத்தொன்று. இருபத்திரண்டு. அது முடிகிற பக்கத்தில் ராஜகுமாரி சுரங்கத்து வாசலில் விளக்கோடு நின்றாள். பக்கத்தைத் திருப்பினான்.

அங்கே அச்சு இல்லை. வெள்ளைக் காகிதம் ஒன்று வைத்துத் தைத்திருந்தது. அதில் மாமியாரின் முத்துமுத்தான கையெழுத்து: ‘இருபத்துமூன்றாம் அத்தியாயம் இல்லை. எதிர்வீட்டு அம்மாள் இரவல் வாங்கிப்போய் அடுப்புப் பற்றவைத்துவிட்டாள். இனி யாருக்கும் கொடுப்பதில்லை.’

அதன்மேல், கொஞ்சம் வெளுத்து, சோப்பு வாசனையோடு, பல்லைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தான் ஜோக்கர்.

ஆனந்தன் புத்தகத்தைப் பட்டென்று மூடினான்.

“இன்னா தம்பி, அதுக்குள்ள அயுவுறியா?” என்றாள் பவளம்.

“அவருக்கு இந்த இடம் வந்தா தாங்காதுக்கா,” என்றாள் குழலி. மெதுவாகப் புத்தகத்தை வாங்கினாள், திறந்தாள், சீட்டை இரண்டு விரலால் எடுத்தாள். கையை ஓங்கிச் சிமெண்டுத் தரையில் ஓர் அடி.

சளார்!

குழந்தை சிரித்தது. தினமும் கேட்டுப் பழகிய சத்தம்.

“ஆறு மாசமா இந்த ஆந்தைக்குத்தான் நான் பயந்துக்கிட்டு உக்காந்திருந்தேன்,” என்றாள் குழலி. குரல் கொஞ்சம் நடுங்கியது. சிரிப்பா வேறொன்றா என்று ஆனந்தனுக்குத் தெரியவில்லை. “இவர் சட்டைப் பைல கூடு கட்டியிருந்துச்சு.”

எல்லாவற்றையும் ஆனந்தன் ஒருவழியாகச் சமாளித்திருப்பான். பாண்டுரங்கன் துள்ளி எழுந்து கெடுத்தான்.

“அடப்பாவி! எலி தின்னுச்சுன்னு சொன்னியேடா! பத்து நாளா என்னைத் தோக்கடிச்சது இந்த ஜோக்கர்தானா? இனிமே நீ கெடங்கு வாசப்படி மிதி, காலை ஒடிக்கிறேன்!”

தான் எதை ஒப்புக்கொண்டோம் என்று பாண்டுரங்கனுக்கு அப்போதுதான் உறைத்தது.

“எந்தக் கெடங்குய்யா?” என்றாள் பவளம், பாயை நிதானமாகச் சுருட்டிக்கொண்டே. “இன்னா ஜோக்கரு? நடயா வூட்டுக்கு. உன் கதைய நான் கேக்கறேன்.”

தாண்டவராயன் ஓசைப்படாமல் நழுவிப்போய் வாசலில் செருப்பைத் தேடினான். அது ஏற்கெனவே சொக்கம்மாள் கையில் இருந்தது.

எல்லோரும் போனபின் வீடு பெரிதாகத் தெரிந்தது. ஆனந்தன் வெந்நீரை எடுத்துக் குடித்தான்.

“நாளைக்கு இருபத்துநாலாம் அத்தியாயம்,” என்றாள் குழலி, அரிவாள்மணையை மடக்கி அடுப்பங்கரைக்கு எடுத்துப்போய்க்கொண்டே. “அது இருக்கு. நான் பாத்துட்டேன். மொத்தம் நூத்திப் பன்னண்டு. தினமும் ஒண்ணு சத்தமாப் படிங்க, நான் கேட்டுக்கிட்டே தூங்குவேன். இப்ப எழுந்துபோய்க் கதவைத் தாழ் போடுங்க.”

“மணி எட்டுதானே ஆச்சு. காத்து வரட்டுமே,” என்றான் அவன், கடைசி முயற்சியாக. “தாழ்ப்பாள் சத்தத்துல குழந்தை முழிச்சுக்கப் போவுது.”

“சளாருக்கே சிரிக்கிற குழந்தை அது.”

வாசகர் வட்டத்தின் தலைவர் எழுந்துபோய், உள்பக்கம் நின்றுகொண்டு, தாழ்ப்பாளைப் போட்டார்.